வெறுங்கால் வீட்டுக்குச் செருப்போடு அளந்த கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது என் உள்ளுறைப் பயிற்சிக் காலத்தில் நடந்தது. முக்கியமான தவறு என்னுடையது என்பதால் நானே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுக்கொண்டு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பயிற்சியும் இடமும்

செயற்கைக் கால், தாங்கு கருவிகள் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. அதற்கு மேல் ஆறு மாதம் உள்ளுறைப் பயிற்சி. அதன் இரண்டாவது மாதத்தில் காரைக்குடிப் பக்கம் ஒரு சிறிய மையத்துக்கு அனுப்பினார்கள். அளவெடுக்க ஓர் அறை, பின்னால் பட்டறை, நடை பழக இணைகம்பிகள், பிளாஸ்டிக் தகடு சூடாக்க ஒரு மின்னடுப்பு. மூத்த நிபுணர் ஒருவர், பட்டறையில் இரண்டு அண்ணன்கள், அப்புறம் நான்.

வெளியில் இருப்பவர்கள் இதை மருத்துவப் படிப்பு என்று நினைப்பார்கள். பாதி நாள் கொத்தனார் வேலைதான். முதல் ஆண்டு முழுக்கப் பிளாஸ்டர் கரைத்து, ஊற்றி, அரத்தால் ராவினோம். விரலிடுக்கு வெடித்து, மெஸ்ஸில் சாம்பாரைத் தொட்டால் எரியும். விடுதிக் குளியலறைச் சாக்கடை அடைத்தால் வார்டன் விசாரணையே இல்லாமல் எங்கள் அறைக்கதவைத் தட்டுவார். அந்த ஓராண்டுக் கைப்பழக்கம் வீண் போகவில்லை. ஆனால் நல்ல வார்ப்பு எடுத்துவிட்டால் நல்ல கால் வந்துவிடும் என்ற ஒரு நம்பிக்கையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பயிற்சி முடிவதற்குள், அளவு முதல் ஒப்படைப்பு வரை நானே செய்த ஒரு முழங்காலுக்குக் கீழான காலுக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

வந்தவர்

ஐம்பது வயதைத் தாண்டியவர். கானாடுகாத்தான் பக்கம் ஒரு கிராமத்தில் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்பவர். வீட்டுக்காரர்கள் வெளியூரில், திருவிழா, கல்யாணம் என்றால் மட்டும் வருவார்கள். தினமும் கதவு திறப்பது, பெருக்குவது, வளவில், அதாவது நடு முற்றத்தில், விழுந்த சருகு அள்ளுவது, மழையில் ஒழுகும் இடத்துக்கு அண்டா வைப்பது எல்லாம் இவரும் இவர் மனைவியும்தான்.

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஊருணிக்கரையில் சீமைக்கருவேல முள் வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. உணர்ச்சி குறைந்த பாதம் என்பதால் தெரியவில்லை. மூன்றாம் நாள் செருப்பில் ரத்தம் பார்த்து மனைவிதான் கேட்டிருக்கிறார். முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அறுவை முடிந்து ஏழு மாதம்.

எஞ்சிய கால், எங்கள் பேச்சில் ஸ்டம்ப், 14 சென்டிமீட்டர் நீளம். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. முழங்கால் கடைசி 5 டிகிரி நீளவில்லை. ஏழு மாதமும் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்ததால் அது எதிர்பார்த்ததுதான். மோனோஃபிலமென்ட் இழையால் தொட்டுப் பார்த்ததில் ஸ்டம்பின் நுனியில் பாதி இடங்களில் உணர்வில்லை. இடது பாதத்திலும் அப்படியே. இதையெல்லாம் சரியாகக் குறித்திருக்கிறேன். 'காலணி' என்ற கட்டத்தில் 'ரப்பர் செருப்பு' என்று எழுதி ஒரு டிக் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு நான் செலவழித்தது பத்து விநாடி இருக்கலாம்.

அளவும் ஒப்படைப்பும்

ஐப்பசி மழை. ஸ்டம்ப் மேல் நனைந்த காலுறை மாட்டி, ஈரம் பட்டால் ஊதா மை விடும் கோப்பியிங் பென்சிலால் முழங்கால் சில்லு, அதன் கீழ்த் தசைநார், கணைக்கால் எலும்பின் விளிம்பு, வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலை எல்லாவற்றையும் குறித்தேன். முழங்காலைச் சற்று மடக்கி வைத்துப் பிளாஸ்டர் துணி சுற்றி, அது இறுகும்வரை இரண்டு கட்டைவிரலாலும் தசைநாரின் இருபுறமும் அழுத்திப் பிடித்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் ஊதா மை அப்படியே உட்புறம் இறங்கியிருந்தது. அந்த மை தெளிவாக இறங்கிவிட்டால் வரும் நிம்மதி எங்கள் தொழில்காரர்களுக்குத்தான் தெரியும்.

அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த உருவில், எடை தாங்கக்கூடிய இடங்களைச் சீவிக் குறைத்தேன். அழுத்தம் படக்கூடாத எலும்பு முனைகளில் பிளாஸ்டர் வைத்து உயர்த்தினேன். உரு காய இரண்டு நாள் கூடுதலாக ஆனது. அதன் மேல் நுரைத் தகட்டில் லைனர் என்ற மெத்தென்ற உள்ளுறை; அதன் மேல், சுமார் 180 டிகிரியில் கண்ணாடி போலத் தெளிந்த பாலிப்ரொப்பிலீன் தகட்டை இழுத்துப் போர்த்தி, வெற்றிடப் பம்பால் உறிஞ்சி, ஸ்டம்ப் உள்ளே போய் உட்காரும் கூடான சாக்கெட்டை எடுத்தோம். கீழே சாச் (SACH) பாதம். கணுக்கால் மூட்டு இல்லாமல், குதிகாலில் மெத்தென்ற நுரைரப்பர் வைத்த பாதம் அது. எங்கள் அலமாரியில் அவர் அளவுக்கு அதுதான் இருந்தது.

கார்த்திகை முதல் வாரம் மாட்டிப் பார்த்தோம். தன் ரப்பர் செருப்போடு வந்திருந்தார். செயற்கைக் காலுக்கும் அதன் ஜோடியை மாட்டினேன். இடுப்பெலும்பின் இருபுற மேல்விளிம்பிலும் கை வைத்துப் பார்த்தால் மட்டம் சரியாக இருந்தது. இணைகம்பிக்குள் நடக்கவிட்டு, பாதத்தின் சாய்வை இரண்டு முறை திருத்தினேன். கழற்றிப் பார்த்தபோது இருந்த சிவப்பு பத்து நிமிடத்துக்குள் மறைந்துவிட்டது. படி ஏறினால் நல்ல கால் முதலில், இறங்கினால் செயற்கைக் கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்தோம். "சரிங்கத்தா" என்று தலையாட்டினார்.

மூத்தவர் இன்னும் இரண்டு நாள் இங்கேயே வந்து நடக்கட்டுமே என்றார். அவர் ஊரிலிருந்து பேருந்து மாறி வர வேண்டும், மழை வேறு என்று நான் அவருக்காகப் பேசுவது போலப் பேசினேன். அவருக்காக மட்டும் பேசவில்லை. பதிவேட்டில் கையெழுத்து விழுந்தது.

ஒன்பதாம் நாள்

மீள்பார்வைக்குச் சொன்னது இரண்டு வாரம் கழித்து. ஒன்பதாம் நாளே மனைவி கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அவுக சொல்ல மாட்டாக. காலுறையில ஈரம் பட்டிருக்கு, நாந்தான் பாத்தேன்" என்றார்.

ஸ்டம்பின் பின்பக்க நுனியில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு கொப்புளம், ஓரம் உடைந்திருந்தது. முன்பக்கம் தசைநார் மேல் அரைமணி நேரம் கழித்தும் மறையாத சிவப்பு. வலி இல்லை என்றார். உணர்வில்லாத இடத்தில் வலி இல்லை என்பது நல்ல சேதி அல்ல.

எப்படி இருக்கிறது நடக்க என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "இங்க நடக்கையில நல்லாருக்கு. வீட்ல நடந்தா என்னமோ மேட்டுல ஏர்ற மாதிரியே இருக்கு." நோய்க்கான விடை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் எழுதிக்கொண்டேனே தவிரக் கேட்கவில்லை.

முதல் முடிவு

மூத்தவர் அன்று முகாமுக்குப் போயிருந்தார். காத்திருந்திருக்கலாம். தசைநார் சிவந்திருக்கிறது, ஆகவே சாக்கெட் அங்கே அதிகம் அழுத்துகிறது என்று முடிவு கட்டினேன். ஹீட் கன்னால் அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளி, லைனரிலும் கொஞ்சம் தேய்த்து எடுத்தேன். கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டு, இரண்டு நாள் காலைப் போடாதீர்கள், பிறகு போடலாம் என்று அனுப்பினேன்.

முழங்காலுக்குக் கீழான சாக்கெட்டில், தசைநாரின் கீழ் உட்பக்கம் புடைத்திருக்கும் அந்த மேடைதான் எடையைத் தாங்கும் இடம். அதை எடுத்தால் ஸ்டம்ப் உள்ளே இறங்கும். நுனி அடியில் போய் முட்டும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம். சிவப்பைப் பார்த்த இடத்தில் கைவைக்கும் அவசரம் பாடத்தை மறக்கடித்துவிட்டது. நான்கு நாள் கழித்து வந்தபோது கொப்புளம் திறந்த புண்ணாகி இரண்டு மடங்காகியிருந்தது.

அன்று மாலை மூத்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதற்கு முன் பட்டறையில் இல்லாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் திட்டவில்லை. மேட்டில் ஏறுவது போல என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் பார்த்தது

மறுநாள் காலை இருவரும் போனோம். செயற்கைக் காலை அவர் போடக்கூடாது என்பதால், நடைவழியை மட்டும் பார்க்கலாம் என்று திட்டம். கடைசியில், புண்ணின் மேல் பஞ்சு வைத்து, எங்கள் முன்னால் இருபது அடி மட்டும் நடக்கச் சொன்னோம்.

செட்டிநாட்டு வீடுகளை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் நீளம் தெரியாது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி. அப்புறம் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் மர நிலை, நிலைக்குக் கீழே உயர்ந்த வாசல்படி. டேப் வைத்து அளந்தேன்; 12 முதல் 18 சென்டிமீட்டர் வரை. தளம் சில இடத்தில் கல், சில இடத்தில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வார்த்து எடுக்கும் கல் அது. மிதிபட மிதிபட வழுவழுப்பு கூடும். வளவைச் சுற்றி மழைத் தண்ணீர் தெறித்து ஈரம்.

முதல் படியில் கால் வைக்கும் முன்பே அவர் செய்தது இதுதான்: திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு இடது செருப்பைக் கழற்றினார். குனிந்து செயற்கைக் காலின் செருப்பையும் உருவி எடுத்து, இரண்டையும் ஜோடியாக ஓரத்தில் வைத்தார். வீட்டுக்குள் யார்தான் செருப்போடு போவார்கள்? நானும் அதே இடத்தில்தான் என் செருப்பைக் கழற்றினேன். கழற்றிக்கொண்டே மூத்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கையில் எடுத்து அளந்தேன். குதிகாலில் 2 சென்டிமீட்டர், முன்பாதத்தில் 1. அந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை வைத்துத்தான் இணைகம்பிக்குள் பாதத்தின் சாய்வை அவ்வளவு கவனமாகத் திருத்தியிருக்கிறேன். செருப்பைக் கழற்றினால் குதிகால் அந்த அளவு கீழே போகிறது. சொந்தக் கணுக்கால் அதைச் சரிசெய்துகொள்ளும். மூட்டில்லாத பாதம் செய்யாது. கால் முழுவதும் கிட்டத்தட்ட 4 டிகிரி பின்னால் சாய்கிறது. ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, சாக்கெட்டின் முன்மேல் விளிம்பு தசைநாரையும் பின்கீழ்ப் பகுதி ஸ்டம்பின் நுனியையும் அழுத்துகிறது. கொப்புளமும் சிவப்பும் இருந்த அதே இரண்டு இடங்கள். மேட்டில் ஏறுவது போல இருக்கிறது என்று அவர் சொன்னது உவமை அல்ல, அளவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1968-இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ஜெய்ப்பூர் காலை உருவாக்கியதே, அன்று இருந்த மேல்நாட்டுப் பாதம் ஷூவுக்குள் இருக்க வேண்டியது, இந்தியர்களோ வெறுங்காலில் நடப்பவர்கள், தரையில் சம்மணம் போடுபவர்கள், குந்துபவர்கள் என்பதால்தான். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருதும் கிடைத்தது. இதைத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் "வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் பார்த்தோம். நிலைப்படியை யாரும் மிதிப்பதில்லை, தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவர் வலது காலை முதலில் எடுத்து வைத்தார். வலதுதான் செயற்கைக் கால். நல்ல கால் முதலில் என்று சொன்னோமே என்றதற்கு, "படிக்கட்டுக்குத்தானேத்தா சொன்னீக. வீட்டுக்குள்ள எப்படி இடது கால வச்சு நுழையிறது?" என்றார். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்துக்கொண்டு நின்ற அவர் மனைவிக்கு எங்கள் கேள்வியே விளங்கவில்லை.

இரண்டாம் முடிவுகள்

இவற்றில் முதலாவது எளிது. புண் ஆறும்வரை கால் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாள்விட்டு நாள் கட்டு, ஊன்றுகோல், வீக்கம் வராமல் எட்டு வடிவில் கிரேப் துணிக் கட்டு. ஊன்றுகோல் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று வாரம் ஆனது.

பாதம் பற்றிய முடிவு அவ்வளவு எளிதாக இல்லை. நான் சொன்னது, வெறுங்காலுக்கு ஏற்ற பாதமாக மாற்றிவிடலாம், அவர் பழக்கப்படி நடக்கட்டும். மூத்தவர் என் குறிப்பையே திருப்பிக் காட்டினார்: இடது பாதத்திலும் உணர்வில்லை. இருக்கிற ஒரு காலையும் வெறுங்காலாக விடச் சொல்கிறாயா? வலது கால் போனதே, தெரியாமல் ஏறிய முள்ளால்தான். சர்க்கரையால் உணர்விழந்த பாதத்துக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். ஆக, அவர் பழக்கம் செயற்கைக் காலுக்கு ஒன்று சொல்கிறது, நல்ல காலுக்கு வேண்டியது வேறு.

கடைசியில் எடுத்த முடிவு: ஜெய்ப்பூர் வகை ரப்பர் பாதம், குதிகால் உயரம் இல்லாமல், வெறும் தரையில் நேராக நிற்கும்படி சாய்வு. செருப்பு எல்லாமே முன்னும் பின்னும் ஒரே கனமுள்ள தட்டைச் செருப்பு, பின்பட்டையோடு. வெளியே போக ஒரு ஜோடி. வீட்டுக்குள் மட்டும் புழங்க, தெருவையே பார்க்காத எம்.சி.ஆர். செருப்பு, அதாவது உணர்விழந்த பாதத்துக்கான மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, ஒரு ஜோடி. இப்படிச் செய்தால் அவர் எங்கே கழற்றினாலும் காலின் சாய்வு மாறாது. பாதம் சற்றுக் கனம், அதை ஏற்றுக்கொண்டோம். ஸ்டம்ப் இதற்குள் சுற்றளவில் ஒன்றரை சென்டிமீட்டர் வற்றியிருந்ததால் சாக்கெட்டும் புதிதாக வார்த்தோம். இந்த முறை தசைநார் மேடையை மூத்தவர் பார்க்க நான் சீவினேன்.

வீட்டுக்காரர்களிடம் அவரே போனில் கேட்டார். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்களாம். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "அது அவுக பெருந்தன்மை. எனக்கு மனசு ஒப்பணும்ல" என்றார். அடுப்படி, இரண்டாம் கட்டு, பின்வாசல் வரை போடுவதாகவும், முகப்பிலும் சாமி அறையிலும் போடமாட்டேன் என்றும் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை. மூத்தவர் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று நான் அப்போது நினைத்தேன்.

வாசல்படிக்கு வழி அவரே கண்டுபிடித்தார். காலையில் முதன்முதலாகக் கதவு திறக்கும்போது மட்டும் நிலையைப் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்து நுழைவது, அப்புறம் நாள் முழுக்க இடது கால் முதலில். "ஒரு தடவ வச்சாச்சுன்னா அன்னைக்கிக் கணக்குத் தீந்துச்சு" என்றார். இணைகம்பிக்கு நடுவே 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைத்து, அந்த ஒரு தாண்டலை மட்டும் நான்கு நாள் பழக்கினோம். இந்த முறை நான்கு நாளும் அவரை வரவழைத்தோம்.

பின்னர் நடந்தது

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு புதிய காலோடு வீட்டுக்குப் போனார். ஒரு வாரத்தில் நான் போய்ப் பார்த்தேன். வளவு ஓரம் நடக்கும்போது மேடு இல்லை என்றார். தசைநார் மேல் லேசான சிவப்பு, ஐந்து நிமிடத்தில் மறைந்தது. பின்பக்க நுனி சுத்தமாக இருந்தது. இரவில் கால் கழற்றியதும் கைக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது மனைவியின் வேலை. சிவப்பு தங்கினால் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம். தை மாதத்தில் மூன்று வட்டம், மாசியில் ஒன்று.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் போகும் காவடிகளைப் பார்க்க ரோட்டோரம் போய் நின்றிருக்கிறார். மூன்று மணி நேரம் நின்றதில் ஸ்டம்ப் வீங்கி, அன்று இரவு காலைக் கழற்றவே சிரமப்பட்டிருக்கிறது. அந்த மூன்று வட்டத்தில் ஒன்று அது. இவ்வளவு நேரம் நிற்க வேண்டாம் என்றேன். அடுத்த வருடம் நாற்காலி கொண்டு போவதாகச் சொன்னார்.

மூன்றாம் மாத முடிவில் ஸ்டம்ப் இன்னும் வற்றி, கூடுதலாக ஒரு காலுறை போட வேண்டி வந்தது. நடை உறுதியாக இருந்தது. உள்செருப்பு விஷயத்தில் பாதி வெற்றிதான். அடுப்படியில் போடுகிறார், இரண்டாம் கட்டில் சில நாள் போடுகிறார். மழைக்கு அண்டா வைக்க அவசரமாக ஓடினால் போடுவதில்லை. ஆனாலும் வற்புறுத்தியிருந்தால் முதல் நாளே தலையாட்டிவிட்டு எங்கேயுமே போட்டிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது மாறியிருப்பவை

அந்த மையத்தின் படிவத்தில் 'காலணி' கட்டம் இருந்த இடத்தில் என் கையெழுத்தில் மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன: செருப்பை எங்கே கழற்றுவீர்கள், கழற்றிய பிறகு ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடப்பீர்கள், வாசல்படி எவ்வளவு உயரம். கடைசிக் கேள்விக்கு யாரும் சென்டிமீட்டரில் பதில் சொல்வதில்லை. கையை வைத்துக் காட்டுவார்கள், நாம் அளந்துகொள்ளலாம். இணைகம்பியைத் தாண்டி ஓரிடத்தில் பத்து ஆத்தங்குடிக் கல் பதித்து, முன்னால் ஒரு மரப்படி வைத்திருக்கிறோம். ஒப்படைக்கும் முன் எல்லாரும் செருப்போடும் இல்லாமலும் அதன் மேல் நடக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் போக முடியாது. ஆகவே முதல் மூன்று நாளுக்குள் வீட்டில் நடப்பதைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். முகம் வேண்டாம், இடுப்புக்குக் கீழே போதும். பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

சிவப்பைக் கண்டவுடன் ஹீட் கன் எடுப்பதில்லை. எந்த அடியில், எந்தத் தரையில் அந்தச் சிவப்பு வந்தது என்று கேட்ட பிறகுதான். பதிவேட்டில் முதல் காலுக்கு வாங்கிய கையெழுத்தை நானே அடித்துவிட்டு, இரண்டாவது காலுக்கு வாங்கிக்கொண்டேன். இப்படி அடித்துத் திருத்துவதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்று கல்லூரி அலுவலகத்தில் கேள்வி வந்தது. தனித்தாளில் விளக்கம் எழுதி இணைத்தேன். இந்த ஆய்வின் முதல் வடிவம் அந்தத் தாள்தான்.

அவருடைய இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே தோல் தடிக்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்த மீள்பார்வைக்கு ஆடியில் வருகிறார். எம்.சி.ஆர். செருப்பின் உள்மெத்தையை அந்த இடத்தில் குழித்துத் தர வேண்டும் என்று எனக்குப் பிறகு வந்த மாணவனுக்கு எழுதி வைத்திருக்கிறேன். திண்ணையில் செருப்பைக் கழற்றும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லியும் எழுதியிருக்கிறேன்.